பீஸ் எடுக்காமல் எப்படிச் சொன்னார்கள்?

என் சித்தப்பாவுக்கு மருத்துவத்தில் ஒரே ஒரு விஷயத்தில்தான் நம்பிக்கை. உடம்பிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து, அதை மைக்ராஸ்கோப்பில் ஒருவர் குனிந்து பார்த்துச் சொன்னால்தான் முடிவு. மற்றதெல்லாம் அனுமானம், அதற்கு எவ்வளவு காசு வாங்கினாலும் சரி. தங்கையின் கல்லீரலில் இருக்கும் கட்டி ஆபத்தில்லாதது, பயாப்சியும் வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம் என்று எம்ஆர்ஐ பார்த்துச் சொல்லிவிட்டார்கள் என்று போனில் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "பீஸ் எடுக்காம எப்படிப்பா சொல்றாங்க? படத்தப் பாத்துச் சொல்றதுக்கு அவங்க என்ன ஜோசியரா?" என்றார். அவரைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. டாக்டர் சொன்னார், நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம், அவ்வளவுதான். நான் கணக்குத் தணிக்கை செய்து பிழைப்பவன். ஒரு சான்றிதழைப் பார்த்தால் அதற்குப் பின்னால் என்ன ஆதாரம் இருக்கிறது என்று நோண்டுவது தொழில் பழக்கம். நான்கு சென்டிமீட்டர் கட்டி ஒன்றை, தோலைக்கூடக் கீறாமல், இதன் பெயர் இன்னது என்று எந்த தைரியத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள் என்பது எனக்கும் உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

தங்கை மதுரையில் அம்மாவுடன் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. ராத்திரி சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே வலி வருகிறது என்றாள். எங்கள் வீட்டில் பித்தப்பைக் கல் பரம்பரைச் சொத்து என்பதால் எல்லோரும் அதுதான் என்று முடிவுகட்டிவிட்டோம். அல்ட்ராசவுண்டு எடுத்தாள். கல் ஏதுமில்லை. பதிலாக, கேட்காத ஒன்று கிடைத்தது. கல்லீரலின் வலது பக்கத்தில் 4.2க்கு 3.8 சென்டிமீட்டரில் ஒரு கட்டி.

ரிப்போர்ட்டின் கடைசி வரி

அந்த அல்ட்ராசவுண்டு ரிப்போர்ட்டின் கடைசி வரி, புற்றுநோய் இல்லை என்பதைச் சிடி எடுத்து உறுதிசெய்துகொள்ளவும் என்கிற பொருளில் இருந்தது. எழுதியவருக்கு அது தன்னைப் பாதுகாத்துக்கொள்ளும் வழக்கமான வரி. படிக்கிற வீட்டுக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் தெரியும். அம்மா அன்றைக்கு ராத்திரி சமைக்கவில்லை. தங்கை தன் மகனின் பள்ளிக் கட்டணத்தை அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டிவிடலாமா என்று என்னிடம் கேட்டாள். இந்த மாதிரி வரிகள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அல்ட்ராசவுண்டு எடுத்தவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது என்று பின்னால் புரிந்தது. அந்தக் கருவிக்குத் தெரிவது ஒலி எதிரொலிப்பது மட்டும். சுற்றியுள்ள கல்லீரலைவிடக் கொஞ்சம் கறுப்பாகத் தெரியும் உருண்டை நாலைந்து விதமான பொருளாக இருக்கலாம். நல்ல வெள்ளையாக, விளிம்பு தெளிவாக, மூன்று சென்டிமீட்டருக்குள், ஆரோக்கியமான கல்லீரலில் தெரிந்தால் அது ஹீமாஞ்சியோமா என்கிற ரத்தநாளக் கட்டி, அதோடு விட்டுவிடலாம் என்று ஐரோப்பியக் கல்லீரல் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல் சொல்கிறது. தங்கையுடையது வெள்ளையாக இல்லை.

சிடியில் அது வேறொரு வேடம் போட்டது. கான்ட்ராஸ்ட் என்கிற, ரத்த ஓட்டத்தைப் படத்தில் காட்டும் மருந்தை ஊசியில் போட்டவுடன் தமனி ரத்தம் வந்த நேரத்தில் பளிச்சென்று எரிந்தது, அடுத்த நிமிடத்தில் கல்லீரலோடு கல்லீரலாகக் கலந்துவிட்டது. ரிப்போர்ட்டில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று எஃப்என்ஹெச், முழுப்பெயர் ஃபோகல் நோடுலர் ஹைப்பர்பிளேசியா. இன்னொன்று ஹெபாட்டிக் அடினோமா. இரண்டும் புற்றுநோய் இல்லை என்பதால் எனக்கு நிம்மதி. அதே வரியைப் பார்த்துவிட்டுக் குடல்நோய் டாக்டர் நிம்மதியாகவில்லை. எஃப்என்ஹெச் என்றால் வீட்டுக்குப் போகலாம். அடினோமா என்றால் கதையே வேறு. ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினால் உள்ளே ரத்தக்கசிவு ஆகலாம், ஒருசில வகைகள் பின்னால் புற்றாக மாறலாம், ஆண்களுக்கு வந்தால் அளவு பார்க்காமலே அறுவை சிகிச்சை செய்யச் சொல்கிறார்கள். ஆபத்தில்லாத கட்டிகள் என்று நாம் ஒரே கூடையில் போடுவதற்குள் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி, சி, கல்லீரல் புற்றுக்கான அடையாளமாகப் பார்க்கும் ஏஎஃப்பி எல்லா ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தன. அப்புறம் டாக்டர் சொன்னார்: "எம்ஆர்ஐ எடுத்துடலாம். காசு கம்மின்னு மருந்தில்லாம எடுத்துட்டு வந்துடாதீங்க. சாதாக் கான்ட்ராஸ்ட்டும் வேணாம். லிவருக்குன்னே ஒரு மருந்து இருக்கு, அத எழுதித் தரேன்." அந்த மருந்துதான் கடோக்ஸெடிக் அமிலம், ப்ரிமோவிஸ்ட் என்ற பெயரில் விற்கிறார்கள். ஸ்கேன் சென்டரில் கையிருப்பு இல்லை, சொல்லிவைத்து வரவழைத்தார்கள். அதற்குத் தனி பில்.

இயந்திரம் கேட்பது என்ன

எம்ஆர்ஐ என்றால் உடம்பை உள்ளே படம் பிடிப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெக்னீசியனின் திரையை எட்டிப் பார்த்தபோது ஒரே கல்லீரல் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆளாகத் தெரிந்தது. ஒன்றில் கறுப்பாக இருந்தது இன்னொன்றில் வெள்ளை. அவர் பொறுமையான ஆள். ஒவ்வொரு சத்தமும் வேறு கேள்வி சார் என்றார். அதிலிருந்து பிடித்துக்கொண்டுதான் மீதியைப் படித்தேன்.

1.5 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்துக்குள் நம் உடம்பின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நொடிக்குச் சுமார் 6.4 கோடி முறை சுழல்கின்றன. அதாவது 64 மெகாஹெர்ட்ஸ், எஃப்எம் ரேடியோவின் 88க்குச் சற்றுக் கீழே. அந்த அறையின் சுவருக்குள் செம்புத் தகடு அடித்திருப்பதே வெளியே இருக்கும் ரேடியோ அலைகள் உள்ளே வந்து கெடுக்காமல் இருக்கத்தான். அந்த அணுக்கருக்களைத் தட்டிவிட்டு, அவை எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்புகின்றன என்று கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. எப்போது கேட்பது என்பதை மாற்றினால் பதிலும் மாறும். தாமதித்துக் கேட்டால் நீர் நிறைந்த இடங்கள் பிரகாசிக்கும், அதை டி2 என்கிறார்கள். ஹீமாஞ்சியோமா என்பது ரத்தம் மெதுவாக நகரும் சின்னச் சின்ன அறைகளின் தொகுப்பு. அதனால் டி2வில் அது விளக்கு போட்டதுபோல எரியும், ரேடியாலஜிஸ்ட்டுகளே அதற்கு பல்பு அடையாளம் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். தங்கையின் கட்டி எரியவில்லை. பக்கத்திலிருக்கும் கல்லீரலின் சாம்பல் நிறத்தோடு ஏறத்தாழ ஒன்றாகக் கிடந்தது. நடுவில் மட்டும் நட்சத்திர வடிவில் ஒரு வெள்ளைத் தழும்பு.

அடுத்த கேள்வி கொழுப்பைப் பற்றியது. எனக்கு இதில் பிடித்ததே இதுதான். கொழுப்பில் இருக்கும் ஹைட்ரஜன், நீரில் இருப்பதைவிட ஒரு துளி மெதுவாகச் சுழலும். 1.5 டெஸ்லாவில் அந்த வித்தியாசம் நொடிக்கு 220 சுற்று அளவுதான். ஆகவே 2.3 மில்லிநொடியில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்கும், 4.6 மில்லிநொடியில் மறுபடி ஒன்றுசேரும். இரண்டு நேரத்திலும் படம் எடுத்து ஒப்பிட்டால், நீரும் கொழுப்பும் கலந்திருக்கும் இடத்தில் முதல் படம் மட்டும் கறுக்கும், ஏனென்றால் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 1984-ல் தாமஸ் டிக்ஸன் சொன்ன வழி இது. அடினோமாக்களில் ஒரு வகை, எச்என்எஃப்1ஏ என்ற மரபணு வேலை செய்யாமல் போனதால் வருவது, செல்லுக்குள் கொழுப்பைச் சேர்த்து வைக்கும். அந்த வகை இந்த ஒரு சோதனையில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். ஊசி இல்லை, மருந்து இல்லை, மூச்சைப் பிடித்தபடி இருபது நொடி கிடந்தால் போதும். தங்கையுடையது கறுக்கவில்லை.

பிறகுதான் ஊசி மருந்து. கல்லீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக, கால் பங்கு தமனி வழியாக. பல கட்டிகள் தமனியையே நம்பி வாழ்கின்றன. எனவே மருந்து தமனியில் இருக்கும் அந்தச் சில நொடியைத் தவறவிடாமல் பிடிக்கவேண்டும். ப்ரிமோவிஸ்டில் இது கொஞ்சம் தொல்லை. எடைக் கணக்குப்படி தங்கைக்கு ஏறிய மருந்து ஆறு மில்லி சொச்சம்தான், ஆகவே அந்தத் தருணம் சட்டென்று கடந்துபோகும். போதாததற்குச் சிலருக்கு ஊசி ஏறியவுடன் சில நொடி மூச்சு முட்டும், அசைந்துவிடுவார்கள், முக்கியமான படமே கலங்கிப்போகும். டெக்னீசியன் அவளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அவள் அசையவில்லை. கட்டி சிடியில் செய்ததையே இங்கும் செய்தது, முதலில் பளிச், அப்புறம் கல்லீரல் நிறம்.

இந்த இடம் வரை வந்தும் சிடியைவிட அதிகம் தெரிந்துவிடவில்லை என்றுதான் சொல்லவேண்டும். தீர்ப்பு இருபது நிமிடம் கழித்து வரும். சாதாக் கான்ட்ராஸ்ட் ரத்தத்தில் சுற்றிவிட்டுச் சிறுநீரில் போய்விடும். இந்த மருந்தில் ஏறத்தாழப் பாதியைக் கல்லீரல் செல்கள் உள்ளே இழுத்துக்கொண்டு பித்தத்தில் கொட்டுகின்றன. செல் சுவரில் அதற்கென்று வாயில்போல் இருக்கும் புரதங்கள் உண்டு. ஆகவே இருபதாவது நிமிடத்துப் படத்தில் வேலை செய்யும் கல்லீரல் முழுக்க வெள்ளையாகிவிடும், ரத்தநாளங்கள் கறுத்துவிடும். இப்போது கட்டியைப் பார்க்கவேண்டும். அதற்குள் இருப்பவை கல்லீரல் செல்கள்தானா, தங்கள் வேலையைச் செய்கின்றனவா என்பதுதான் இங்கே கேள்வி. எஃப்என்ஹெச் என்பது கோளாறான ஒரு தமனி ஓர் இடத்தில் அளவுக்கு மீறி ரத்தம் கொண்டுவந்ததால் அங்கே இருந்த சாதாரணச் செல்கள் பெருகிப்போனது. செல்கள் ஒழுங்கானவை. சின்னச் சின்னப் பித்தக் குழாய்களும் உண்டு, ஆனால் பெரிய குழாயோடு சரியாகச் சேரவில்லை. சாக்கடை இணைப்பு கொடுக்காத தெருவில் மழைத் தண்ணீர் நிற்பதுபோல மருந்து உள்ளே போய் அங்கேயே நின்றுவிடும். அதனால் அது கல்லீரல் அளவுக்கு, சில சமயம் அதற்கு மேலும் வெள்ளையாகத் தெரியும். அடினோமாவில் பித்தக் குழாய் கிடையாது, உள்ளே இழுக்கும் வாயிலும் பெரும்பாலும் குறைவு. அது கறுப்பு ஓட்டையாகத் தெரியும்.

இந்த மருந்து எல்லா இடத்திலும் உதவி செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது. ஹீமாஞ்சியோமாவில் கல்லீரல் செல்லே இல்லை. எனவே இருபதாவது நிமிடத்தில் அதுவும் கறுப்பு ஓட்டைதான், வேறெங்கிருந்தோ பரவி வந்த புற்றுநோய்போலவே. டி2 பார்க்காமல் கடைசிப் படத்தை மட்டும் பார்ப்பவர் ஒரு அப்பாவியைத் தூக்கில் போட்டுவிடுவார்.

மாத்திரை

ஸ்கேன் முடிந்து வெளியே உட்கார்ந்திருந்தபோது ரேடியாலஜிஸ்ட் உள்ளே கூப்பிட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய பெண். அறை இருட்டாக, திரைகள் மட்டும் வெளிச்சமாக இருந்தன. திரையில் இருபதாவது நிமிடத்துக் கல்லீரல். வெள்ளைப் பரப்பில் கட்டி எங்கே என்று எனக்குத் தெரியவே இல்லை, நடுத் தழும்பு மட்டும் கறுப்பாக ஒரு கீற்று. எனக்குத் தெரியவில்லை என்பதே நல்ல செய்தி என்று அப்போது உறைக்கவில்லை. அவர் பெயர் எதுவும் சொல்லாமல், நாங்கள் பூர்த்திசெய்து கொடுத்த படிவத்தைத் திருப்பினார். தொடர்ந்து எடுக்கும் மருந்துகள் என்ற இடத்தில் தங்கை இல்லை என்று எழுதியிருந்தாள்.

"வேற மாத்திரை எதுவுமே சாப்பிடலையாம்மா?"

"இல்ல மேடம். சுகர், பிரஷர் எதுவும் இல்ல."

"பீரியட்ஸ்க்கு?"

தங்கை அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். "பிசிஓடிக்குன்னு லேடி டாக்டர் ஒண்ணு குடுத்திருக்காங்க. மாசம் இருபத்தொரு நாள் போடறது" என்றாள் மெதுவாக. "கருத்தடை மாத்திரைதானே?" என்றார் டாக்டர். அம்மாவால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. "மாப்பிள்ள மஸ்கட்ல இருக்கறப்ப உனக்கு எதுக்குடி அது?" என்றார். டாக்டர் நாற்காலியை அம்மா பக்கம் திருப்பினார். "அம்மா, பீரியட்ஸ ஒழுங்குபடுத்தவும் அதே மாத்திரைதான். எங்கிட்ட வர்ற பொண்ணுங்கள்ள நிறையப் பேரு அதுக்குத்தான் சாப்பிடுறாங்க. இப்பிடி வீட்ல திட்டுவாங்கன்னுதான் யாரும் எழுதறதில்ல." அம்மா அதன்பின் ஒன்றும் பேசவில்லை. தங்கை பொய் எழுதவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவள் கணக்கில் அது மருந்தே இல்லை, யாரிடமும் சொல்லாத ஒரு மாதாந்தர வேலை.

டாக்டர் சொன்ன அடுத்த வாக்கியத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். "மாத்திரை உண்டுன்னா நான் முதல்லேருந்து இன்னொரு தடவ பாக்கணும்." படம் எடுத்தாகிவிட்டது. அதில் ஒரு புள்ளிகூட மாறப்போவதில்லை. அப்படியிருக்க ஒரு மாத்திரையின் பெயர் கேட்டதும் எதை மறுபடி பார்க்கவேண்டும்? அவர் எங்கள் முன்னாலேயே டி2 படத்தைக் கொண்டுவந்தார், கொழுப்புச் சோதனையின் இரண்டு படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மேலும் கீழும் உருட்டினார், தமனிப் படத்துக்கு வந்தார், மறுபடி கடைசிப் படம். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு நீளமாகத்தான் இருந்தது.

காரணம் பின்னால்தான் முழுசாகப் புரிந்தது. அடினோமா ஒருகாலத்தில் அபூர்வத்திலும் அபூர்வம். 1960-ல் அமெரிக்காவில் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. 1973-ல் லான்செட் இதழில், மாத்திரை சாப்பிடும் இளம்பெண்களின் கல்லீரலில் இப்படிக் கட்டி வருகிறது, இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒரு சிறு கட்டுரை வந்தது. 1976-ல் ஹியூ எட்மண்ட்சன் குழு நியூ இங்கிலாந்து மருத்துவ ஜர்னலில் அதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. அன்றைய மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் அளவு இன்றையதைவிட அதிகம் என்றாலும், தொடர்பு இன்றும் தொடர்கிறது. மாத்திரையை நிறுத்தினால் சில அடினோமாக்கள் சுருங்கவும் செய்யும். ஆக, மாத்திரை சாப்பிடுபவர் என்று தெரிந்த கணத்தில் தராசின் ஒரு தட்டு இறங்குகிறது. அடினோமா என்றால் கடைசிப் படத்தில் கறுத்திருக்குமே என்று கேட்கலாம். பெரும்பாலானவை கறுக்கும். ஆனால் அடினோமாக்களிலேயே புற்றாக மாறும் வாய்ப்பு அதிகமுள்ள, பீட்டா கேட்டனின் என்ற மரபணுவில் பிறழ்வு ஏற்பட்டு வரும் வகையில் சில, இந்த மருந்தை உள்ளே இழுத்துக்கொண்டு எஃப்என்ஹெச் மாதிரியே வெள்ளையாக நிற்கும். எது ரொம்ப ஆபத்தோ அதற்குத்தான் சாதுவாக வேடம் போடும் திறமை இருக்கிறது. ஆகவே வெள்ளையாக இருக்கிறது, முடிந்தது என்று எழுத முடியாது. டி2வில் கல்லீரலோடு ஒத்துப்போகிறதா, தழும்பு இருக்கிறதா, கட்டி முழுக்கச் சீராக இருக்கிறதா, விளிம்பில் வளையம் தெரிகிறதா என்று ஒவ்வொரு சாட்சியையும் மறுபடி கூப்பிட்டு விசாரிக்கவேண்டும்.

விசாரித்துவிட்டு அவர், "எல்லாமே எஃப்என்ஹெச்சுக்குத்தான் ஒத்துப்போகுது" என்றார். ரிப்போர்ட்டிலும் அதையே எழுதினார். சந்தேகத்தை அடுத்தவர் தலையில் கட்டும் வரி எதுவும் இல்லை. கீழே கையெழுத்து.

அந்த அறையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கோடிக்கணக்கில் விலைபோகும் காந்தம், தனியாக வரவழைத்த மருந்து எல்லாம் சொன்ன சாட்சியத்தை எப்படிப் படிப்பது என்பதை, அம்மாவுக்குத் தெரியாமல் பீரோவில் வைத்திருந்த ஒரு மாத்திரை அட்டை மாற்றியிருக்கிறது. முடிவு மாறவில்லை, சரி. ஆனால் முடிவை எட்டிய வழி மாறியது. இதே படங்கள் அறுபது வயதான, ஹெபடைட்டிஸ் பி இருந்து கல்லீரல் சுருங்கிப்போன ஒருவருடையதாக இருந்தால் யாரும் இவ்வளவு நிம்மதியாகப் பேசியிருக்க மாட்டார்கள். அவருக்குத் தமனி நேரத்தில் எரிந்து பின்னால் மருந்து வடிந்து கல்லீரலைவிடக் கறுத்துப்போகும் கட்டி என்றால், பீஸ் எடுக்காமலே அது கல்லீரல் புற்றுநோய் என்று முடிவுசெய்து சிகிச்சை தொடங்குகிறார்கள். அதற்கென்றே அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி லைராட்ஸ் என்று ஒரு தரவரிசை வைத்திருக்கிறது, அதுவும் அந்த அபாயம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் செல்லும். தங்கையைப் போன்றவர்கள் அந்தப் பட்டியலுக்குள்ளேயே வரமாட்டார்கள். ஆக, படம் மட்டும் பேசுவதில்லை. யாருடைய படம் என்பதும் சேர்ந்துதான் பேசுகிறது. படிவத்தில் அதைக் கேட்கும் வரிகளைத்தான் நாம் கோடு போட்டுவிட்டு வருகிறோம்.

சித்தப்பாவின் பீஸ்

அடுத்த முறை ஊருக்குப் போனபோது இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் அசைவதாக இல்லை. "சரிப்பா, இவ்ளோ குழப்பத்துக்கு ஒரு ஊசி குத்திப் பாத்திருந்தா முடிஞ்சிருக்குமே." நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் மைக்ராஸ்கோப்பும் இந்த விஷயத்தில் பலகாலம் தடுமாறியிருக்கிறது. டெலாஞ்சியெக்டாட்டிக் எஃப்என்ஹெச் என்று ஒரு வகையை நோயியல் நிபுணர்கள் பல வருடங்களாக எஃப்என்ஹெச்சின் ஒரு கிளையாகவே வைத்திருந்தார்கள். துணுக்கை எடுத்து, சாயம் ஏற்றி, கண்ணால் பார்த்துத்தான் அப்படி வைத்திருந்தார்கள். 2004-ல் மரபணு அளவில் பார்த்தபோது அது எஃப்என்ஹெச்சே இல்லை, அடினோமா என்று தெரிந்தது. இன்று அதற்குப் பெயர் இன்ஃப்ளமேட்டரி அடினோமா, ரத்தம் கசியும் வகை. அடினோமாக்களை மரபணுப்படி பிரித்து வைத்தவர்கள் பிரான்ஸில் போர்தோவின் போலெட் பியுலாக் சாஜும் பாரிஸின் ஜெசிகா ஜுக்மன் ரோஸியும் அவர்களோடு சேர்ந்தவர்களும். அதற்கப்புறம்தான் வெறும் சாயம் போதாது, குளூட்டமின் சிந்தட்டேஸ் போன்ற புரதங்களுக்குத் தனிச் சோதனை போடவேண்டும் என்று வந்தது. எஃப்என்ஹெச்சில் அந்தப் புரதம் தேசப்படம் வரைந்ததுபோல் திட்டுத் திட்டாகத் தெரியும். அதெல்லாம் செய்யும் ஆய்வகம் வேண்டும். போதுமான துணுக்கும் வேண்டும். ஊசியில் வருவது நூல் மாதிரி ஒரு துண்டு. நான்கு சென்டிமீட்டர் கட்டியில் அது எந்த மூலையிலிருந்து வந்தது என்பது அதிர்ஷ்டம். தமனி ரத்தம் கொப்பளிக்கும் கட்டியில் குத்துவதால் வரும் கசிவு ஆபத்து தனி.

ஆனால் அவர் சொன்னதில் பாதி சரி என்பதையும் சொல்லிவிடவேண்டும். எம்ஆர்ஐயால் எஃப்என்ஹெச்சை அடையாளம் காணும்போது, எல்லா அடையாளமும் பொருந்தினால், தவறு மிக மிக அபூர்வம். மூன்று சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டிகளில் தழும்பு தெரியாமல் போய் அது தடுமாறும், அங்கே கான்ட்ராஸ்ட் போட்ட அல்ட்ராசவுண்டு கைகொடுக்கும். அடினோமா என்று தெரிந்தபின் அது எந்த வகை என்று கேட்டால் கொழுப்பு வகையையும் இன்ஃப்ளமேட்டரி வகையையும் எம்ஆர்ஐ ஓரளவு நம்பிக்கையோடு சொல்லும். பீட்டா கேட்டனின் வகையைப் படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கே சித்தப்பாவின் பீஸ்தான் தேவை. இதைச் சொன்னதும் அவர் முகத்தில் வந்த திருப்தியைப் பார்க்கவேண்டுமே.

இடையில் வாட்ஸ்அப் குழுவில் யாரோ, எம்ஆர்ஐ ஊசியில் இருக்கும் கடோலினியம் என்ற உலோகம் மூளையில் படிந்துவிடும் என்று அனுப்பியிருந்தார்கள். கிண்டல் செய்ய முடியாத செய்தி அது. 2014-ல் ஜப்பானில் டோமோனோரி காண்டா குழு அதைக் கவனித்து எழுதியது உண்மை. படிந்ததால் மூளைக்கு என்ன கெடுதல் என்று இதுவரை யாரும் காட்டவில்லை என்றாலும், 2017-ல் ஐரோப்பிய மருந்து முகமை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சில மருந்துகளை நிறுத்திவைத்தது. கல்லீரலுக்கான இந்த மருந்தையும் கடோபெனிக் அமிலம் என்ற இன்னொன்றையும் கல்லீரல் ஸ்கேனுக்காக விட்டுவைத்தார்கள், நோயைக் கண்டறிய அவை தேவை என்பதால். அளவும் வழக்கமான கான்ட்ராஸ்ட்டில் கால் பங்கு. பயப்படாமல் ஒருமுறை எடுக்கலாம், தேவையில்லாமல் வருடாவருடம் எடுக்கவேண்டாம் என்பது என் கட்சி.

சும்மா விடுவது

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது இதுதான். ஒன்றும் செய்யவேண்டாம் என்று ஒரு டாக்டர் சொல்லி, அதைக் கேட்டு வீட்டுக்கு வந்து பழக்கமே இல்லை. மருந்துச் சீட்டு இல்லாமல் வந்ததால் அம்மா இன்னொரு டாக்டரைப் பார்க்கலாமா என்றார். எஃப்என்ஹெச் புற்றாக மாறுவதில்லை, கசிவதும் மிக அரிது, குழந்தை பெற்றுக்கொள்ளலாம், மாத்திரையையும் நிறுத்தவேண்டியதில்லை என்று குடல்நோய் டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கட்டிக்கு என்று தனியாக மருந்து எதுவும் எழுதவில்லை. வலிக்குக் காரணம் கட்டி இல்லை, வெறும் அசிடிட்டி. அதற்கு எழுதினார். வலி போய்விட்டது. வலியே வராமலிருந்தால் இந்தக் கட்டி எண்பது வயதுவரை அவளோடு அமைதியாக இருந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்துகொண்டதால் அவளுக்கு என்ன லாபம் என்று கேட்டால், நேர்மையாகச் சொன்னால், எதுவும் இல்லை. எம்ஆர்ஐ செய்த நன்மை, அல்ட்ராசவுண்டும் சிடியும் கிளப்பிவிட்டதை அடக்கியதுதான். ஆனால் கிளம்பிவிட்ட பின் அதை அடக்காமல் ஊசி, ஆபரேஷன் என்று போன வீடுகளும் இருக்கும் இல்லையா. அதை நினைத்தால் அந்த ஆறு மில்லி மருந்தின் பில்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

இனிமேல் ஸ்கேன் வேண்டுமா என்பதில் மட்டும் மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டுதல்களே ஒன்றுபோல இருக்கவில்லை. ஐரோப்பியர்கள் 2016-ல், அடையாளம் சரியாக இருக்கும் எஃப்என்ஹெச்சுக்குத் தொடர் பரிசோதனை தேவையில்லை, கல்லீரல் ரத்தநாளங்களில் வேறு நோய் இருந்தால் மட்டும் பார்க்கலாம் என்றார்கள். அமெரிக்கக் குடல்நோய்க் கல்லூரி 2014-ல், மாத்திரையைத் தொடரும் பெண்கள் இரண்டு மூன்று வருடங்களுக்கு வருஷத்துக்கு ஒரு அல்ட்ராசவுண்டு எடுப்பது நல்லது என்றது. டாக்டர் இரண்டையும் சொல்லிவிட்டு முடிவைத் தங்கையிடமே விட்டார். அவள் மாத்திரையைத் தொடர்கிறாள், அம்மாவுக்குத் தெரிந்தே. அல்ட்ராசவுண்டும் எடுத்துக்கொள்கிறேன், அம்மாவுக்காக ஒரு தடவை என்றாள். போகும்போது எம்ஆர்ஐ, சிடி இரண்டின் ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். இல்லையென்றால் அங்கே இருப்பவர் நான்கு சென்டிமீட்டர் கட்டி என்று புதிதாகக் கண்டுபிடித்து, மறுபடி சிடி எழுதிக் கொடுத்துவிடுவார்.